ரெயூனியன் தீவும் அங்கு வாழ் மக்களும்

ஜமாதுல் ஆகிர் மாதத்துத் தலைப்பிறை தென்பட்டதும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் நாயகம் சாகுல் ஹமீது ஒலியுல்லாஹ் அவர்களின் பெயரால் கொடி ஏறுவதை இக்கரையில் அறியாதார் இல்லை. மினாராவின் உச்சியிலே கொடி அசையும். கீழே மணலிலே கடைகள் பரந்திருக்கும். கடலலையின் ஓசையை மனிதர் ஓசை வென்றுவிடும். அக்கொடியைக் காண அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாண்டிருப்பிலிருந்து நடந்துபோன சிறுவர் கூட்டத்துள் நாமும் இருந்தோம். "கடலிலே தத்தளித்தவரைக் காத்த பெரியவரின் கொடி" என்று அம்மம்மா சொல்லிய ஒரு வசனமே அன்று நமக்குப் போதுமானதாயிருந்தது.

அதே பெரியவரின் பெயரால் இன்னொரு கொடி, நம் கரையிலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் தூரத்தில், பிரெஞ்சு மொழி வழங்கும் ஒரு தீவிலே பறக்கின்றது என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அறிந்தோம். அங்கே அக்கொடிக் கம்பம் நிற்பது பள்ளிவாசலில் அன்று. அம்மன் கோயில் முற்றத்தில். அதனை ஏற்றுவோர் முஸ்லிம்களும் அல்லர்; இந்துக்கள். அவர்களுடைய முன்னோர் தமிழர். ஆயினும் அவர்களுட் பெரும்பாலாருக்கு இன்று தமிழ் தெரியாது. 'நாகூர்' என்ற ஊர்ப் பெயரும் அவர்கள் நாவிலே 'நர்குலான்' என்று திரிந்துவிட்டது.

கொடி நிலைக்க, மொழி மறைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. ரெயூனியன் எனப்படும் அத்தீவின் நிலம், ஆட்சி, வரலாறு, சமூகங்கள் ஆகியவற்றை முதலிற் சுருக்கமாகக் கூறி, ஈற்றில் நமக்குரியதைச் சிந்திப்போம்.

தீவின் அமைப்பு

இந்துமாக் கடலின் தென்மேற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கிலும் மொரீசியசுக்குத் தென்மேற்கிலும் அமைந்தது ரெயூனியன். அதன் பரப்பு 2,512 சதுர கிலோமீற்றர். நமது அம்பாறை மாவட்டத்தின் பரப்பிற் பாதியைச் சற்றே மிஞ்சும். சனத்தொகை ஏறக்குறைய 8,80,000. தலைநகர் வடகரையிலுள்ள சான் தெனி.

கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளாலாய தீவு அது. அதன் உயர்ந்த சிகரமான பித்தோன் தே நேய்ஜ் 3,070 மீற்றர் உயரமுடையது. நம் நாட்டுப் பீதுருதாலகாலையினும் உயர்ந்தது. தென்கிழக்கிலுள்ள மற்றொரு எரிமலை இன்றும் அடிக்கடி அக்கினி கக்குகின்றது. மலைகளின் நடுவே மஃபாத், சிலாவோஸ், சலாசி என மூன்று பெரும் வட்டப் பள்ளத்தாக்குகள் உள. அவற்றுள் மஃபாத்துக்கு இன்றும் வீதி இல்லை. கால்நடையாகவோ ஹெலிகொப்டரிலோ தான் போக வேண்டும். மலையும் பள்ளத்தாக்குமான இப்பகுதியை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

சூறாவளிக்கும் பெருமழைக்கும் பெயர்போன இடம் அது. 1966ஆம் ஆண்டு சனவரியில் ஒரே நாளில், 24 மணி நேரத்துள், 1,825 மில்லிமீற்றர் மழை அங்கே பெய்து உலக சாதனையாயிற்று. 1978 நவம்பர்ச் சூறாவளியின் கதையைப் பெரியோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஆட்சி முறை விநோதமானது. பிரெஞ்சுக்காரர் 'தெபார்த்தமான்' என்பது நம் நாட்டு மாவட்டத்தையும், 'ரெஜியோன்' என்பது மாகாணத்தையும் ஏறத்தாழ ஒத்தவை. ரெயூனியனோ ஒரே நிலம் இரண்டுமாய் நிற்பது. ஒரே ஒரு மாவட்டத்தைக் கொண்ட மாகாணம் எனலாம். மாவட்டத்துக்கு ஒரு சபை, மாகாணத்துக்கு ஒரு சபை, இவற்றுக்குப் புறம்பாக நம் அரசாங்க அதிபரைப் போன்று மத்திய அரசு நியமிக்கும் 'பிரேஃபே' என்னும் அதிகாரி. கீழே 24 நகர சபைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். பாரிசிலுள்ள தேசிய சபைக்கு ஏழு பிரதிநிதிகளை இத்தீவார் தெரிந்தனுப்புகின்றனர். சட்டப்படி அது பிரான்சுக்கு உரிய தூர நாடு அன்று. பிரான்சின் ஒரு துண்டே. ஆதலால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு பகுதியும் ஆகும். 2002 சனவரி 1ஆம் நாள் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்தபோது, பாரிசுக்கு முன்னரே பொழுது விடியும் இத்தீவின் சந்தையிலே, லைச்சிப் பழம் வாங்கிய பணமே முதல் யூரோவாகச் சொல்லப்பட்டது.

பெயர் மாறிய வரலாறு

ஐரோப்பியர் வருமுன் அத்தீவிலே நிலையாகக் குடியிருந்தோர் இல்லை. இஃது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி. ஆங்கு 'வந்தேறி' என்று ஒருவரை மற்றவர் சுட்ட வழியில்லை, எல்லோரும் வந்தவரே. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரெஞ்சுக்காரர் தீவுக்கு உரிமை கொண்டாடி, 1649இல் தம் அரச குடும்பத்தின் பெயரால் 'பூர்போன்' என்று பெயரிட்டனர். நிலையான குடியேற்றம் 1663இல் தொடங்கியது. அந்த முதற் கூட்டத்திலேயே மடகாஸ்கர் மக்களும் இருந்தனர்.

இக்காலத்தில் நம் கரைக்கும் அத்தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1671இல் பூர்போனில் இறங்கிய பிரெஞ்சுத் தளபதி த லா ஹே என்பவரே அடுத்த ஆண்டு, 1672இல், தன் கப்பற் படையுடன் திருக்கோணமலைக் குடாவிற் புகுந்து கண்டி மன்னனுடன் உறவு பேசியவர். ஒல்லாந்தர் அவர் எண்ணத்தை நிறைவேற விடவில்லை. ஒரு நூற்றாண்டின் பின், 1782 ஏப்ரலில், பிரெஞ்சுக் கடற்றளபதி சுஃப்ரேன் கிழக்குக் கரைக்கப்பால் ஆங்கிலக் கடற்படையுடன் பொருது, மட்டக்களப்பில் நங்கூரமிட்டுத் தன் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். அவ்வாண்டிலேயே திருக்கோணமலையையும் கைப்பற்றினார். சில ஆண்டுகள் காற்றுச் சற்று மாறி வீசியிருப்பின், நமது பாடசாலைகளில் ஆங்கிலத்துக்குப் பதிலாகப் பிரெஞ்சு மொழியை மனனஞ் செய்திருப்போம்!

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், அரச குடும்பத்தின் பெயர் நீக்கப்பட்டு 'ஒன்றிணைவு' எனப் பொருள்படும் 'ரெயூனியன்' என்ற பெயர் இடப்பட்டது. நெப்போலியன் காலத்தில் 'பொனபார்த் தீவு' ஆயிற்று. 1810இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1815இல் தீவைத் திருப்பிக் கொடுத்து, நல்ல துறைமுகமுள்ள மொரீசியசைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். மீண்டும் பூர்போன், 1848இல் மீண்டும் ரெயூனியன். ஆள்வோர் மாறுந்தோறும் பலகையிற் பெயர் மாறியது. ஆனால் தோட்டத்திற் குனிந்தவர் முதுகு நிமிரவில்லை.

கரும்பும் கூலியும்

18ஆம் நூற்றாண்டிலே அத்தீவின் செல்வம் கோப்பி. 19ஆம் நூற்றாண்டிலே கரும்பு. இரண்டையும் விளைவித்தோர் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காபிரிக்காவிலிருந்தும், சிறு தொகையினராய் இந்தியாவிலிருந்தும், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். தப்பியோடியோர் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தனர். மஃபாத், சிலாவோஸ் என்னும் பெயர்களே அவர்கள் விட்டுச் சென்ற மடகாஸ்கர் மொழிச் சொற்கள்.

அவ்வடிமைகளுள் ஒருவனை இங்கு நினைத்தல் தகும். எத்மோன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், 1841இல், வனிலாப் பூவைக் கையாலே மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டறிந்தான். மெக்சிக்கோவுக்கு வெளியே வனிலா காய்க்காத குறையை ஐரோப்பியத் தாவர அறிஞராலும் தோட்டக்காரர் கையில் கொடுக்கத்தக்க முறையில் தீர்க்க முடியாதிருந்த காலம் அது. இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் அவனுடைய முறையே கையாளப்படுகின்றது. விடுதலையின் பின் 'அல்பியுஸ்' என்ற குடும்பப் பெயர் பெற்ற அவன், 1880இல் வறியவனாகவே இறந்தான்.

1848 டிசம்பர் 20ஆம் நாள் அடிமை முறை ஒழிக்கப்பட்டதென்று சர்தா கரிகா என்னும் ஆணையாளர் அறிவித்தார். அறுபதினாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் விடுதலை பெற்றனர். அந்நாள் இன்று அத்தீவிற் பொது விடுமுறை. ஆனால் கரும்பு வெட்ட யார்? இவ்வினாவுக்குத் தோட்டத் துரைமார் கண்ட விடை நம்மவரே.

ஒப்பந்தக் கூலி முறை அதற்கு முன்னரே, 1828இல், யானாமிலிருந்து சென்ற ஒரு சிறு கூட்டத்துடன் தொடங்கியிருந்தது. 1848இன் பின் அது பெருவெள்ளமாயிற்று. புதுச்சேரி, காரைக்கால், யானாம் ஆகிய பிரெஞ்சுத் துறைகளில் மேஸ்திரிகள் ஆள் சேர்த்தனர். தஞ்சைச் சீமையிலும் தென்னார்க்காட்டிலும் பஞ்சம் பிடித்த ஊர்களிலிருந்து குடும்பங்கள் துறைமுகம் நோக்கி நடந்தன. 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரான்சும் பிரித்தானியாவும் செய்த உடன்படிக்கைகளால் பிரித்தானிய இந்தியாவிலும் ஆள் சேர்க்கும் அனுமதி கிடைத்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. முடிந்ததும் திரும்பும் வழிச் செலவு தரப்படும் என்று எழுத்து. எழுத்து ஒன்று, நடப்பு வேறொன்று. தோட்டங்களில் நடந்த கொடுமைகளை விசாரித்த பின், 1882இல் பிரித்தானிய இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றுவிட்டனர். திரும்பியோர் சிலர், மாண்டோர் பலர், எஞ்சியோர் அங்கேயே வேரூன்றினர்.

காரைக்காலிற் கப்பலேறியோருக்குக் கரையிலிருந்து சில மைல் தெற்கே தெரியும் கடைசி அடையாளம் நாகூர்த் தர்காவின் மினாராக்கள் அல்லவா? அவற்றுள் மிக உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட இந்து அரசரான பிரதாபசிங் என்பது வரலாறு. கடல் கண்டு நடுங்கிய உழவன், தன் மதம் எதுவாயினும், அத்திசை நோக்கிக் கைகூப்பியதில் வியப்பில்லை. அந்தக் கும்பிடே ரெயூனியன் கோயில் முற்றத்திற் கொடிக் கம்பமாய் நிற்கின்றது. இதே நாகூர் நினைவு சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தர்காவாய் எழுந்தது. கல்முனைக்குடியிற் கடற்கரைப் பள்ளியாய் எழுந்தது.

தீவின் சமூகங்கள்

இன்று அத்தீவார் தம்மைச் சில பெயர்களால் வகுத்துக் கூறுவர். ஆபிரிக்க, மடகாஸ்கர் வழி வந்தோர் 'காஃப்'. மலைப்பகுதியில் வாழும் ஏழை வெள்ளையர் 'யாப்'. தமிழகத்துக் கூலிகளின் வழித்தோன்றல்கள் 'மல்பார்'. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குசராத்திலிருந்து துணி வணிகத்துக்கு வந்த முஸ்லிம்கள் 'சராப்'. சீன வணிகர் 'சின்வா'. பிரான்சிலிருந்து உத்தியோகத்துக்கு வருவோர் 'சொரெய்'. அண்மைக் காலத்திற் கொமோரோ, மயோத் தீவுகளிலிருந்து வந்தோரும் உளர்.

இப்பெயர்களை உற்று நோக்குக. 'மல்பார்' என்பது மலபாரிலிருந்து வந்தது. ஆனால் அவர்களோ சோழமண்டலக் கரையார். 'சராப்' என்பது அராபியர் என்பதன் திரிபு, அவர்களோ குசராத்தியர். பிழையாகப் பெயரிட்டவர் துறைமுகத்து எழுதுவினைஞர்; அப்பிழையையே சுமந்து திரிபவர் பேரப்பிள்ளைகள். இதனைக் கண்டு நாம் நகைக்க முடியாது. ஒல்லாந்தரும் முற்கால ஆங்கிலேயரும் இலங்கைத் தமிழரையும் 'மலபார்கள்' என்றே ஏடுகளில் எழுதினர். போர்த்துக்கேயர் தம் நாட்டுப் பகைவரின் பெயரை நம் அயலவருக்கு இட்டு 'மூர்' என்றனர். அந்தப் பெயர் இன்றும் நம் குடிசன மதிப்பீட்டுத் தாளில் இருக்கின்றது.

சான் தெனியில் நூருல் இஸ்லாம் பள்ளிவாசல் 1905இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் காளிகாம்பாள் கோயிலும் பேராலயமும் சீனர் வழிபடும் இடமும் உள. எல்லோருக்கும் பொதுவாய் வழங்குவது கிரியோல் மொழி. பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு அடிமைகளும் எசமானரும் கூடி ஆக்கிய மொழி அது. அடிமைகளின் பாட்டும் ஆட்டமுமான 'மலோயா', நெடுங்காலம் அதிகாரிகளின் வெறுப்புக்கு ஆளாகிப் பின்னர் 2009இல் யுனெஸ்கோவின் மதிப்பைப் பெற்றது.

உணவிலே நாம் அத்தீவாரை உடனே இனங்கண்டு கொள்வோம். சோறும் 'கரி'யும் பருப்பும் இன்றிப் பகலுணவு இல்லை. கறிவேப்பிலையைக் 'கலுப்பிலே' என்பர். பீர்க்கங்காயைப் 'பிப்பங்காய்' என்பர். கொத்தமல்லியைக் 'கொத்தொமிலி' என்பர். முருங்கை இலையைச் சுண்டுவர். சம்பல் போன்ற தொடுகறியான 'ருகாய்' என்பது நம் ஊறுகாயிலிருந்தே பிறந்ததென்பர். ஒரு மொழி வீட்டை விட்டுப் போகும்போது கடைசியாகக் குசினி வழியாகவே போகின்றது போலும்.

மறைந்த மொழியும் மறையாத வழிபாடும்

மல்பார் மக்கள் தீவின் சனத்தொகையிற் காற்பங்கினர் என்று மதிப்பிடப்படுகின்றனர். அவர்களுள் ராமசாமி, 'ராமாசாமி' என்று பிரெஞ்சு எழுத்திலே குடும்பப் பெயராய் நிலைத்துவிட்டார். செனற் சபையிலும் தேசிய சபையிலும் அப்பெயருடையோர் இருந்திருக்கின்றனர். சென் அந்திரே நகரின் மேயராய் நெடுங்காலம் இருந்த விராப்புள்ளே என்பாரின் பெயரில் வீரப்பிள்ளையைக் காணலாம். முதற் பெயர்களோ பெரும்பாலும் கிறித்தவப் பெயர்கள். தோட்டத்தின் செல்வாக்கும் திருச்சபையின் செல்வாக்கும் கூடி நின்ற காலத்தில், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஊரோடு ஒத்துப்போகும் வழியாயிற்று. ஞாயிறு காலையில் தேவாலயம், பிற்பகலிற் காளி கோயில் என்று இரண்டையும் மனமார நடத்திய குடும்பங்கள் பல. இஃது வெளியார்க்கு முரணாய்த் தோன்றலாம். மிஷன் பாடசாலையிற் காலைச் செபஞ் சொல்லி, அந்தியில் வீட்டிலே தேவாரம் ஓதி வளர்ந்த நமக்கு அவர்கள் மனநிலை முற்றும் அந்நியமன்று.

அவர்கள் வழிபாட்டில் மாரியம்மன் 'மரியெமின்'. மதுரை வீரன் 'மல்தேவிரின்'. திரௌபதியாகிய பாஞ்சாலி 'பாந்தியாலே'. பாஞ்சாலிக்காகத் தீமிதிப்பு நடைபெறுகின்றது. அதற்குப் பதினெட்டு நாள் நோன்பு. பாரதக் கதையைக் கூத்தாக ஆடும் மரபும் உண்டு. அதனைத் 'தமிழ் ஆட்டம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் வழங்குகின்றனர். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் ஆலயத்திலே பதினெட்டு நாள் விழாவையும், வனவாசத்தையும், தவநிலையையும், ஈற்றில் தீக்குளியையும் கண்டு வளர்ந்த ஒருவர், அத்தீவின் கோயில் முற்றத்திற் போய் நின்றால் எவரும் விளக்கஞ் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பூசகர் சொல்வது, கூத்தர் பாடுவது, கூட்டத்திலுள்ள கிழவி முணுமுணுப்பது யாவும் நமக்கு விளங்கும். அங்கே பாடுவோரிற் பலர், முன்னோர் பாட்டைப் பிரெஞ்சு எழுத்திலே கொப்பியில் எழுதிவைத்துப் பொருள் தெரியாது பாடினர். ஓசையைக் காத்தனர், சொல் கைநழுவிற்று.

மொழி மறைந்த காரணங்கள் பல. 1882இன் பின் புதியவர் வரவு நின்றது. வந்தோரிற் பெண்கள் குறைவாயிருந்தமையாற் கலப்பு மணம் மிகுந்தது. தாய் பேசியது கிரியோல் ஆயிற்று. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரெஞ்சு மண்ணிற் பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிகளாயினர். அது பெரு நன்மையே; எனினும் பாடசாலையில் பிரெஞ்சு ஒன்றே மொழி. தமிழ் கற்பிக்க ஆசிரியரும் இல்லை, ஏடும் இல்லை. அயலிலுள்ள மொரீசியசிலோ இந்தியர் பெரும்பான்மையினராயினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புதியவர் வந்துகொண்டிருந்தனர். அங்கும் வீட்டுமொழி கிரியோலாகவே மாறினும், தமிழ் பாடசாலையிற் கற்பிக்கப்பட்டது. இன்றும் மொரீசியசு நாணயத் தாளிலே தமிழெழுத்தைக் காணலாம். ஒரே கரையிலிருந்து சென்ற ஒரே மக்கள், அயல் அயலான இரு தீவுகளில் இருவேறு நிலையை அடைந்தனர்.

1970களிலிருந்து ரெயூனியனில் ஒரு விழிப்புத் தோன்றியது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் குருமார் சென்றனர். சங்கங்கள் தமிழ் வகுப்பு நடத்தின. சில உயர்தரப் பாடசாலைகளில் தமிழை விருப்பப் பாடமாகவும் கற்கலாம். 1990 முதல் சென் அந்திரே நகரிலே தீபாவளி நகர விழாவாகின்றது. ஐந்தாந் தலைமுறைப் பேரன் 'அ' எழுதப் பழகுகின்றான். இழந்ததை மீட்பது, இருப்பதைக் காப்பதிலும் எத்துணைக் கடினம் என்பதை அவன் விரல்கள் அறியும்.

ஆட்சியும் மக்களும்

1946 மார்ச் 19ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தால் குடியேற்ற நாடாயிருந்த ரெயூனியன் பிரான்சின் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. அதனைக் கோரிப் போராடியோர் தீவின் இடதுசாரிப் பிரதிநிதிகளான வெர்ஜேசும் லெப்பேர்வான்சுமே. பிற நாடுகள் விடுதலை வேண்டிப் பிரிய, அவர்கள் சமவுரிமை வேண்டி இணைந்தனர். பாடசாலை, வைத்தியசாலை, சமூகக் கொடுப்பனவு யாவும் காலப்போக்கில் வந்தன. வேலையின்மை மட்டும் தீரவில்லை. நூற்றுக்கு மேலிருந்த சீனி ஆலைகளுள் இன்று இரண்டே எஞ்சியுள்ளன.

சமவுரிமையின் பெயரால் ஒரு கொடுமையும் நடந்தது. 1963 முதல் 1982 வரை, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர், வறுமையைக் காரணங்காட்டித் தம் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, மக்கள் குறைந்த பிரெஞ்சுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். திரும்ப வருவர் என்று நம்பிக் கைந்நாட்டு இட்ட பெற்றோர் பலர். 2014இலேயே பிரெஞ்சுத் தேசிய சபை அரசின் தார்மீகப் பொறுப்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. தூரத்து அலுவலகம் தாளிலே ஆட்களை நகர்த்தும்போது தாயின் கண்ணீர் கணக்கில் வருவதில்லை.

இன்னுமொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. பிரெஞ்சு அரசு குடிக்கணக்கில் இனத்தையும் மதத்தையும் எழுதுவதில்லை. அதனால் மல்பார் எத்தனை, காஃப் எத்தனை என்பதற்கு மதிப்பீடே அன்றி அரசாங்கக் கணக்கு இல்லை. நம் நாட்டிலோ 1871ஆம் ஆண்டு முதற் குடிசன மதிப்பீட்டிலிருந்தே ஒவ்வொருவரும் ஓர் இனக் கட்டத்துள் வைக்கப்பட்டோம். எது நன்று? எண்ணாமல் விட்ட இடத்தில் ஒரு மொழி ஓசையின்றி மறைந்தது. அதன் குறையைச் சொல்ல ஓர் இலக்கமும் இருக்கவில்லை. எண்ணிய இடத்தில் இலக்கமே பகையாயிற்று. எண்ணுவதிலும் எண்ணாமையிலும் மட்டும் தீர்வு இல்லை என்பதே நாம் கண்டது.

நமக்குரியது

கல்முனையை நோக்குவோம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, பாண்டிருப்பு, பெரியநீலாவணை என்று ஒரே வீதியிலே, வேலிக்கு வேலி, இரு சமூகத்தார் வாழ்கின்றோம். மருதமுனைத் தறியில் நெய்த சாரமும் சேலையும் இரு வீட்டாரும் உடுப்பர். தாய்வழிக் குடி முறை இந்துக்களிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு சமூகத்துக்கும் மொழி ஒன்று. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் போற்றிய தமிழே கல்முனைக்குடி வாப்பாவின் தமிழும், பாண்டிருப்பு அப்பாவின் தமிழும்.

1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்தது முதல், பிரதேச செயலகம் எங்கே பிரிவது, சபை எங்கே பிரிவது என்ற பிணக்குகள் வரை, கோடுகள் நம் வாழ்விலும் குறுக்கே ஓடுகின்றன. 1985இலும் 1990இலும் இக்கரை கண்ட துயரங்களை இரு சமூகத்துப் பெரியோரும் இன்றும் தாழ்ந்த குரலிலேயே பேசுவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது நம் நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்தது நமது மாவட்டமே. அன்று மணலிற் கிடந்தவரைத் தூக்கியவர், இவர் எந்தப் பிரிவுக்கு உரியவர் என்று கேட்டுத் தூக்கவில்லை.

எல்லைக் கோடுகள் வேண்டா என்று நாம் கூறவில்லை. நீதியான ஆட்சிக்குக் கோடும் கணக்கும் வேண்டியவையே. அவற்றைக் கோருவோர் தத்தம் நியாயத்தைச் சொல்ல உரியவரே. ஆனால் அந்நியாயத்தை எம்மொழியிற் சொல்லுகின்றோம்? இருவரும் தமிழிலேயே சொல்லுகின்றோம். வழக்காடுவதற்கேனும் ஒரு பொதுமொழி இருப்பது எத்துணைப் பேறு என்பதை ரெயூனியன் மல்பாரிடமே கேட்க வேண்டும். அவர் தம் பாட்டனின் பாட்டையே மொழிபெயர்ப்பாளர் வைத்து விளங்க வேண்டிய நிலையில் இருக்கின்றார்.

ஆதலால் இளைஞர் சங்கத்து நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் சிறிது. திரௌபதை அம்மன் கூத்துப் பாட்டுக்களையும் கொப்பியிலே தமிழெழுத்தில் எழுதி, பொருளும் கேட்டு எழுதுங்கள். அயலிலுள்ள முஸ்லிம் தோழரை அழைத்து, அவர்கள் மூத்தம்மா பாடும் தாலாட்டையும் அவ்வாறே எழுதச் சொல்லுங்கள். பிரெஞ்சுத் தீவார் ஐந்து தலைமுறை தாண்டித் தேடும் பொருள் நம் வீட்டுத் திண்ணையிலே இன்னும் உயிரோடு அமர்ந்திருக்கின்றது.

அடுத்த முறை கடற்கரைப் பள்ளியிற் கொடியேறும்போது நாமும் செல்வோம். அம்மம்மா இன்று இல்லை. எனினும் அக்கொடியை நோக்கி நிற்கையில், கடலுக்கு அப்பால் 'நர்குலான்' என்று சொல்லிக் கயிற்றை இழுக்கும் அந்தச் சகோதரரையும் நினைப்போம். அவருக்குக் கொடி உண்டு; அதன் கதையைச் சொல்லத் தம் முன்னோரின் சொல் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. இரண்டையும் நம் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நம் கடன்.